காருக்கு புது இசியு போடப் போறீங்களா? பெட்டியை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

"அண்ணே, எந்த பாக்ஸ் போட்டா எத்தனை ஹெச்பி ஏறும்?"

கார் ட்யூனிங் செய்யும் கடைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் ரேஸ் டிராக் இருக்கும் தமிழ்நாட்டில், சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் ஆசை பலருக்கும் உண்டு. டயர், பிரேக், சைலன்சர் என்று ஆரம்பிக்கும் செலவு, கடைசியில் வந்து நிற்கும் இடம் இசியு.

ஆனால் இசியு என்ற அந்தப் பெட்டி தானாக ஒரு ஹெச்பி கூட ஏற்றாது. அதற்குள் எழுதப்படும் கணக்கு சரியாக இருந்தால் இன்ஜின் தன் முழு பலத்தைக் காட்டும். தவறாக இருந்தால் சில விநாடிகளில் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். அதனால்தான் எந்த பிராண்ட் என்பதற்கு முன்னால் வேறு சில கேள்விகளுக்கு பதில் தேட வேண்டியிருக்கிறது. அவை என்ன? பார்க்கலாம்.

இசியு என்ன வேலை செய்கிறது?

இசியு என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்த நொடியில் ஸ்பார்க் கொடுக்க வேண்டும் என்ற இரண்டு முடிவுகள்தான் அதன் அடிப்படை வேலை. இந்த இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் சேர்த்த பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக், 1979-ல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தது. இன்றைய பெட்ரோல் கார்கள் அனைத்தும் அதே அடிப்படையில்தான் ஓடுகின்றன.

இன்ஜின் எந்தக் கோணத்தில் சுற்றுகிறது, உள்ளே எவ்வளவு காற்று வருகிறது, காற்றும் கூலன்ட்டும் எவ்வளவு சூடாக இருக்கின்றன, ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்பதையெல்லாம் சென்சார்கள் சொல்லும். இசியு தன்னிடம் உள்ள அட்டவணையைப் பார்த்து முடிவெடுக்கும். அந்த அட்டவணைக்குப் பெயர்தான் 'மேப்'.

இதில் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதற்கு ஒரு சின்ன கணக்கு. 6,000 ஆர்பிஎம்மில் இன்ஜின் நொடிக்கு 100 முறை சுற்றுகிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் என்றால் நொடிக்கு 200 ஸ்பார்க். அந்த வேகத்தில் கிராங்க் ஒரு டிகிரி நகர ஆகும் நேரம் சுமார் 28 மைக்ரோ விநாடிதான். ஸ்பார்க் இரண்டு மூன்று டிகிரி முன்னால் போனாலே போதும், சில இன்ஜின்களில் 'நாக்கிங்' ஆரம்பித்துவிடும்.

கம்பெனி இசியு எப்போது போதாமல் போகும்?

இதுதான் முதல் கேள்வி. ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மட்டும் மாற்றிய காருக்கு தனி இசியு தேவையில்லை. கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டரே சமாளித்துக்கொள்ளும். வேறு சில மாற்றங்கள் செய்யும்போதுதான் சிக்கல் வரும்.

- டர்போ இல்லாத இன்ஜினுக்கு டர்போ பொருத்தும்போது: அந்தக் காரின் பிரஷர் சென்சார் சாதாரண காற்றழுத்தம் வரைக்கும்தான் அளக்கும். டர்போ அதற்கு மேல் தள்ளும் காற்று இசியுவின் கண்ணுக்கே தெரியாது.
- பெரிய இன்ஜெக்டர் போடும்போது: பழைய கணக்கில் திறந்தால் தேவைக்கு மேல் பெட்ரோல் கொட்டும்.
- பெரிய கேம்ஷாஃப்ட், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி த்ராட்டில் போன்ற மாற்றங்கள்: ஐடிலில் வாக்யூம் நிலையாக இருக்காது. காற்றின் அளவை வேறு முறையில் கணக்கிட வேண்டிவரும்.
- ஒரு காரின் இன்ஜினை எடுத்து வேறு காரில் வைக்கும்போது.
- டிராக்கில் ஆயில் பிரஷர், காற்று-எரிபொருள் விகிதம் போன்றவற்றை பதிவு செய்து பார்க்க வேண்டும் என்னும்போது.

இந்தப் பட்டியலில் உங்கள் கார் இல்லையென்றால், அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் பிரேக் பேடுக்கும் செலவழித்தால் லேப் டைம் அதிகமாகக் குறையும்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

'இசியு ட்யூனிங்' என்ற ஒரே பெயரில் நான்கு வேறு வேறு விஷயங்கள் விற்கப்படுகின்றன.

முதலாவது, ரீமேப். கம்பெனி இசியு அப்படியே இருக்கும். அதற்குள் உள்ள மேப் மட்டும் மாற்றி எழுதப்படும். ஏசி, மீட்டர், ஏபிஎஸ், சாவியின் இம்மொபிலைசர் எதுவும் பாதிக்கப்படாது.

இரண்டாவது, பிக்கிபேக். கம்பெனி இசியுவுக்கும் சென்சார்களுக்கும் நடுவில் உட்காரும் சின்னப் பெட்டி. சென்சார் அனுப்பும் சிக்னலை மாற்றிச் சொல்லி இசியுவை 'ஏமாற்றும்' வேலை இதனுடையது. கழற்றுவது சுலபம். ஆனால் கம்பெனி இசியு தானாகத் திருத்தம் செய்ய ஆரம்பித்தால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

மூன்றாவது, பிளக்-இன் ஸ்டாண்ட்அலோன். கம்பெனி இசியுவை எடுத்துவிட்டு, அதே சாக்கெட்டில் அப்படியே செருகும் முழுமையான மாற்று இசியு. வயரை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் பிரபலமான சில மாடல்களுக்கு மட்டுமே கிடைக்கும்.

நான்காவது, வயர்-இன் ஸ்டாண்ட்அலோன். எந்த இன்ஜினுக்கும் பொருத்தலாம். ஆனால் வயரிங் ஹார்னஸை புதிதாகக் கட்ட வேண்டும். சுதந்திரம் அதிகம், வேலையும் அதிகம்.

ஒரே பவர், ரெண்டு கார், ரெண்டு பதில்

இந்தியாவில் கார் ஆர்வலர்கள் கொண்டாடும் இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2000-ல் வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக். இன்னொன்று, 2013-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி 1.2 டிஎஸ்ஐ. இரண்டுமே சுமார் 105 ஹெச்பி கார்கள். ஆனால் இசியு என்று வந்தால் இரண்டுக்கும் நேர் எதிரான பதில்.

பழைய சிட்டியில் ஆக்சிலரேட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் கேபிள் இருக்கிறது. பெட்ரோல் இன்டேக் பைப்பில் தெளிக்கப்படுகிறது. விடெக் என்பது இசியுவுக்கு ஒரு சோலனாய்டை ஆன், ஆஃப் செய்யும் வேலை மட்டுமே. இசியுவை எடுத்துவிட்டாலும் காரின் மற்ற பாகங்கள் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. ஸ்டாண்ட்அலோன் போட ஏற்ற கார் இது.

போலோவின் கதை வேறு. இங்கே பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது. அந்த இன்ஜெக்டர்களைத் திறக்க 12 வோல்ட் போதாது, சுமார் 65 வோல்ட் வேண்டும். உயர் அழுத்த பம்ப், டர்போ, எலக்ட்ரானிக் த்ராட்டில் எல்லாம் இசியுவின் கையில். ஏழு கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸும் 'கேன்' என்ற தகவல் இணைப்பு வழியாக இசியுவுடன் பேசிக்கொண்டே இருக்கிறது. இசியுவை எடுத்தால் கியர்பாக்ஸுக்கு என்ன செய்வது என்றே தெரியாது.

விலை குறைந்த ஸ்டாண்ட்அலோன்களில் பெரும்பாலானவற்றால் இந்த நேரடி இன்ஜெக்டர்களை இயக்க முடியாது. அதனால் போலோவுக்கு ரீமேப்தான் சரியான வழி. அதிலும் ஒரு வரம்பு இருக்கிறது. இந்த டிரை கிளட்ச் டிஎஸ்ஜி தாங்கும் டார்க் 250 நியூட்டன் மீட்டர். கம்பெனி கொடுத்தது 175. 'இன்னும் கொஞ்சம் ஏத்துங்க' என்று கேட்பவர்கள் கிளட்ச் விலையையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது.

பெட்டிக்கு முன்னால் இன்ஜினை எண்ணிப் பாருங்க

ஸ்டாண்ட்அலோன்தான் என்று முடிவானால், அடுத்து ஒரு பேப்பரும் பேனாவும் எடுக்க வேண்டும். இன்ஜினில் என்னென்ன இருக்கிறது என்று எழுதாமல் இசியு வாங்கினால், பாதி வேலையில் 'அவுட்புட் பத்தலை' என்று கை பிசைய வேண்டிவரும்.

இன்ஜெக்டர், காயில்: நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனியாக இயக்க நான்கு இன்ஜெக்டர் அவுட்புட்டும் நான்கு இக்னிஷன் அவுட்புட்டும் வேண்டும். ஃபேன், ஃபியூல் பம்ப், ஐடில் வால்வு, விடெக் சோலனாய்டு, டர்போ கட்டுப்பாடு, ஏசி ரிலே எல்லாம் இதற்கு மேல். ஆறு சிலிண்டருக்கு அதற்கேற்ப கூடும்.

இன்ஜெக்டர் வகை: மல்டிமீட்டரில் அளந்தால் 12 முதல் 16 ஓம் காட்டும் இன்ஜெக்டர்கள் சாதாரண வகை. 2, 3 ஓம் காட்டினால் அதிக கரன்ட் இழுக்கும் வகை. இதை எந்த இசியுவிலும் நேரடியாக மாட்டிவிட முடியாது. அதற்கான டிரைவர் உள்ளே இருக்கிறதா என்று கேட்க வேண்டும், இல்லையென்றால் வெளியே ரெசிஸ்டர் போட வேண்டும்.

காயில் வகை: சில காயில்களுக்குள் இக்னைட்டர் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இது தெரியாமல் இணைத்தால் காயிலோ இசியுவோ, ஏதோ ஒன்று எரியும்.

ட்ரிக்கர்: இன்ஜினின் கோணத்தை இசியு தெரிந்துகொள்வது, கிராங்க்கோடு சுற்றும் பல் சக்கரத்தை சென்சார் எண்ணுவதன் மூலம்தான். 36 பல்லில் ஒன்று இல்லாத சக்கரம், 60-ல் இரண்டு இல்லாத சக்கரம் என்று பல வகை உண்டு. ஜப்பான் கார்கள் சிலவற்றில் இன்னும் விசித்திரமான அமைப்பு இருக்கும். பழைய சிட்டி போன்ற கார்களில் இந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சார்கள் செய்கின்றன. உங்கள் இன்ஜினின் ட்ரிக்கர் அந்த இசியுவின் பட்டியலில் இருக்கிறதா? இல்லையென்றால் மற்ற எந்த வசதி இருந்தும் பயனில்லை. ஸ்டார்ட்டே ஆகாது.

எலக்ட்ரானிக் த்ராட்டில்: இது இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பெடலில் இரண்டு சென்சார், த்ராட்டிலில் இரண்டு சென்சார் என்று இருப்பதற்குக் காரணம், ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்கத்தான். இந்தச் சரிபார்ப்பை முறையாகச் செய்யாத இசியுவைப் போட்டால், காலை எடுத்த பிறகும் கார் பாயும் அபாயம் உண்டு.

மார்க்கெட்டில் என்னென்ன கிடைக்கிறது?

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1987-ல் தொடங்கிய மோடெக், தொழில்முறை ரேஸ் அணிகளிடம் பெயர் பெற்றது. சில வசதிகளுக்கு தனியாக லைசென்ஸ் கட்டணம் உண்டு. அதே நாட்டின் ஹால்டெக், நியூசிலாந்தின் லிங்க், ஸ்வீடனின் மேக்ஸ் இசியு, போலந்தின் இசியு மாஸ்டர் ஆகியவை தெருவிலும் டிராக்கிலும் ஓடும் கார்களுக்காக அதிகம் வாங்கப்படுபவை. அமெரிக்காவின் ஹோலி, அந்நாட்டு வி8 இன்ஜின்களுக்கு பிரபலம்.

கையில் காசு குறைவு, ஆனால் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு இன்னொரு பாதை உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ இருவரும் உருவாக்கிய மெகாஸ்குவர்ட், தானே சால்டர் செய்து இசியு கட்டும் பழக்கத்தைப் பரப்பியது. ஆர்டுயினோ போர்டில் ஓடும் ஸ்பீடுயினோ, அதைப் போலவே திறந்த மூல திட்டமான ருஸ்இஎஃப்ஐ ஆகியவை இப்போது அதே வழியில் நடக்கின்றன. பழைய சிட்டி மாதிரி எளிய இன்ஜினுக்கு இவை தாராளமாகப் போதும். ஆனால் வயரிங், உறை, சூடு, அதிர்வு எல்லாவற்றுக்கும் பொறுப்பு கட்டியவர்தான்.

பிக்கிபேக் வகையில் பெங்களூரில் தயாராகும் பவர்ட்ரானிக் இந்தியாவில் பரவலாகத் தெரிந்த பெயர்.

இதில் எது பெஸ்ட்? 105 ஹெச்பி இன்ஜின் இந்தப் பட்டியலில் எதைப் போட்டாலும், ஒரே மாதிரி ட்யூன் செய்தால், கிட்டத்தட்ட ஒரே பவரைத்தான் கொடுக்கும். வித்தியாசம் பாதுகாப்பிலும், டேட்டா பதிவிலும், வேலை சுலபமாக நடப்பதிலும்தான் தெரியும்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய வசதி எது?

லான்ச் கன்ட்ரோல், சைலன்சரில் நெருப்பு வரவைக்கும் வசதி போன்றவைதான் விளம்பரத்தில் பெரிதாக இருக்கும். ஆனால் இன்ஜினைக் காப்பாற்றும் வசதிகள் வேறு.

ஆயில் பிரஷர் பாதுகாப்பு: டிராக்கில் நீளமான வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும். மீட்டரில் லைட் எரிவதை டிரைவர் பார்ப்பதற்குள் பேரிங் போய்விடும். நல்ல இசியு, இந்த ஆர்பிஎம்முக்கு இவ்வளவு பிரஷர் இருக்க வேண்டும் என்ற அட்டவணையை வைத்து, குறைந்தவுடன் இன்ஜினை அடக்கிவிடும்.

லீன் பாதுகாப்பு: முழு ஆக்சிலரேட்டரில் பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு தாறுமாறாக ஏறும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியமே 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எரியும் வாயுவின் வெப்பமோ 2,000 டிகிரியைத் தாண்டும். நடுவில் காப்பாற்றுவது சரியான கலவையும் கூலிங்கும்தான். ஃபியூல் பம்ப் பலவீனமானதைக் கண்டுபிடித்து உடனே கட் செய்யும் வசதி, இன்ஜின் விலைக்குச் சமம்.

இதற்கு வைடுபேண்ட் லாம்டா சென்சார் அவசியம். பெரும்பாலான பழைய கார்களில் உள்ள ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் கூடவா, குறைவா என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. வைடுபேண்ட் கன்ட்ரோலர் இசியுவுக்குள்ளேயே இருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேளுங்கள்.

நாக் கட்டுப்பாடு: நாக்கிங் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் ஒலிக்கும். பழைய சிட்டியைப் போல 75 மில்லிமீட்டர் போர் உள்ள இன்ஜினில் அது சுமார் 7.6 கிலோஹெர்ட்ஸ். இசியு அந்த ஒலியைத் தனியாகப் பிரித்துக் கேட்டு, ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வெறும் 'நாக் இன்புட் உண்டு' என்று எழுதியிருந்தால் போதாது. சிலிண்டர் வாரியாகக் கேட்கிறதா, அலைவரிசையை மாற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

நம்ம ஊர் வெயிலும் பெட்ரோலும்

வெளிநாட்டு இணையதளத்தில் இறக்கிய மேப்பை அப்படியே போடுவது ஏன் ஆபத்து? முதல் காரணம் வெயில். 25 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரி காற்றின் அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறைவு. காற்று சூடாக இருந்தால் நாக்கிங்கும் சீக்கிரம் வரும். ஜனவரி காலையில் டைனோவில் அருமையாக ஓடிய கார், மே மாத மதியத்தில் டிராக்கில் தடதடக்கும். காற்றின் வெப்பத்துக்கேற்ப ஸ்பார்க்கைக் குறைக்கும் அட்டவணையை ட்யூனர் நிரப்பினாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது காரணம் எத்தனால். 2023-ல் அறிமுகமான இ20 பெட்ரோல்தான் இப்போது நாடு முழுக்க பங்குகளில் கிடைக்கிறது. சாதாரண பெட்ரோல் முழுதாக எரிய 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்த இ20-க்கு சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் அதிக எரிபொருள் தெளிக்க வேண்டும். மெதுவாக ஓடும்போது ஆக்சிஜன் சென்சார் இதைத் திருத்திவிடும். முழு ஆக்சிலரேட்டரில் பழைய இசியுக்கள் மேப்பை மட்டும் நம்புவதால் கலவை லீனாகும்.

பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று அளக்கும் ஃப்ளெக்ஸ் ஃபியூல் சென்சாரை ஏற்கும் இசியு என்றால், இந்தத் திருத்தம் தானாக நடக்கும். அதோடு பழைய காரின் ரப்பர் ஹோஸ், பம்ப் எல்லாம் எத்தனாலைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். அதை இசியு சரி செய்யாது.

ட்யூனரைத் தேடிட்டு பெட்டியை வாங்குங்க

பலரும் தலைகீழாகச் செய்யும் விஷயம் இது. ஆன்லைனில் ஆஃபர் பார்த்து இசியுவை வாங்கிவிட்டு, பிறகு ட்யூன் செய்ய ஆள் தேடுவார்கள். 'இந்த சாஃப்ட்வேர்ல நான் வேலை பாத்ததில்ல தம்பி' என்ற பதில் கிடைக்கும்.

ஒவ்வொரு இசியுவுக்கும் சாஃப்ட்வேர் வேறு. ஒரு ட்யூனர் தனக்குப் பழக்கமான சாதாரண இசியுவில் செய்யும் வேலை, பழக்கமில்லாத விலை உயர்ந்த இசியுவில் செய்யும் வேலையை விட நன்றாக இருக்கும். அதனால் உங்கள் ஊரில், உங்கள் இன்ஜின் வகையில் அனுபவம் உள்ளவர் யார் என்று பார்த்து, அவர் எதில் வேலை செய்கிறார் என்று கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

அவரிடம் கேட்க வேண்டியவை இவை.

- முழு ஆக்சிலரேட்டர் மட்டும்தானா, அல்லது காலையில் ஸ்டார்ட் செய்வது, ஏசி போட்டு சிக்னலில் நிற்பது எல்லாம் சேர்த்து ட்யூன் செய்வாரா? டைனோவில் 20 ஹெச்பி ஏறிய கார், அண்ணா சாலை சிக்னலில் ஏசி ஆன் செய்தவுடன் ஆஃப் ஆனால் என்ன பயன்?
- வேலை முடிந்ததும் மேப் ஃபைல் உங்கள் கைக்கு வருமா? பாஸ்வேர்டு போட்டு பூட்டிவிட்டால், அடுத்த முறை வேறு ஆளிடம் போக முடியாது. இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.
- டைனோவில் பதிவான லாம்டா, நாக், வெப்பநிலை விவரங்களைக் காட்டுவாரா? ஹெச்பி எண் மட்டும் அச்சடித்த பேப்பர் எதையும் நிரூபிக்காது.
- வயரிங் யார் செய்வது? 'இசியு போச்சு' என்று வரும் பல புகார்களில் உண்மையான காரணம் லூசான எர்த்தும் மோசமான இணைப்பும்தான். சென்சார் எர்த்தையும் இன்ஜின் எர்த்தையும் கலந்துவிட்டால் அளவுகள் ஆடிக்கொண்டே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

டிராக்கில் மட்டும் ஓடும் காருக்கு ஒரு விதி, சாலையில் ஓடும் காருக்கு ஒரு விதி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்சி புக்கில் உள்ள விவரங்கள் தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

'ஆர்சி புக்ல இசியுன்னு எதுவும் போடலையே' என்று சிலர் கேட்பதுண்டு. ஆனால் ஒரு மாடலுக்குக் கிடைக்கும் ஒப்புதல், அதன் இசியு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், சென்சார்கள் எல்லாம் சேர்ந்து வெளியிடும் புகையின் அளவைச் சோதித்துத்தான். 2020 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள பிஎஸ்6 விதிகளில், புகைக் கட்டுப்பாட்டில் கோளாறு வந்தால் அதைக் காரே கண்டுபிடித்துச் சொல்லும் வசதியும் கட்டாயம். ஸ்டாண்ட்அலோன் போட்டால் இது பெரும்பாலும் போய்விடும். பங்கில் எடுக்கும் புகைச் சான்றிதழ் கிடைத்துவிட்டது என்பதற்காக மாற்றம் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது.

இன்சூரன்ஸ் இன்னொரு சிக்கல். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி, விபத்து நேரத்தில் நிறுவனம் கிளெய்மை மறுக்க வாய்ப்பு இருக்கிறது. கம்பெனி வாரன்ட்டியும் அப்படித்தான். ரீமேப் செய்ததை சர்வீஸ் சென்டரில் பல கார்களில் கண்டுபிடித்துவிட முடியும்.

இது இந்தியாவில் மட்டும் இல்லை. கார் ட்யூனிங்கின் தாயகமான கலிஃபோர்னியாவிலேயே 2021 ஜூலை முதல், புகைச் சோதனையில் இசியு சாஃப்ட்வேர் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். மாற்றியிருந்தால், அனுமதி பெற்ற மென்பொருளாக இல்லாதவரை கார் ஃபெயில்.

போட்டிகளில் கலந்துகொள்பவர்களும் கவனிக்க வேண்டும். எந்தப் பிரிவில் எந்த இசியு அனுமதி என்பதை அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தில் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். ஃபார்முலா 1-லேயே 2008 முதல் எல்லா அணிகளுக்கும் ஒரே இசியுதான். டிராக்ஷன் கன்ட்ரோல் போன்ற உதவிகளை ஒளித்து வைக்க முடியாமல் செய்வது அதன் நோக்கங்களில் ஒன்று.

பட்ஜெட் எப்படிப் போடுவது?

பெட்டியின் விலையை மட்டும் வைத்துக் கணக்கு போடுபவர்கள் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள். வயரிங் ஹார்னஸ், கனெக்டர்கள், வைடுபேண்ட் சென்சார், ஆயில் பிரஷர் சென்சார், டைனோ வாடகை, ட்யூனர் கூலி எல்லாம் சேர்ந்தால் பெட்டியின் விலைக்கு இணையாகவே வந்து நிற்கும். இறக்குமதி பெட்டி என்றால் வரியும் சேரும். பழுதானால் திருப்பி அனுப்பி வர எத்தனை வாரம் ஆகும் என்பதையும் கேட்க வேண்டும்.

அதனால் கையில் இருக்கும் தொகையில் பாதியை மட்டும் பெட்டிக்கு ஒதுக்குவது பாதுகாப்பான கணக்கு. முழுத் தொகைக்கும் விலை உயர்ந்த இசியுவை வாங்கி, அரைகுறை வயரிங்கோடு ஓட்டுவதை விட, நடுத்தர இசியுவை சுத்தமான வயரிங்கோடும் முழுமையான ட்யூனோடும் ஓட்டினால் இன்ஜின் நீண்ட நாள் உழைக்கும்.

வாங்கும் முன் கடைசியாக ஒருமுறை

- கம்பெனி இசியுவால் முடியாத வேலை எது என்று ஒரே வரியில் சொல்ல முடிகிறதா?
- கார் சாலையில் ஓடுமா, டிராக்குக்கு மட்டுமா?
- நேரடி இன்ஜெக்ஷன், எலக்ட்ரானிக் த்ராட்டில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருக்கிறதா?
- இன்ஜினின் ட்ரிக்கர் வகை இசியுவின் பட்டியலில் இருக்கிறதா?
- தேவையான அவுட்புட்களுக்கு மேல் இரண்டு மூன்று மிச்சம் இருக்கிறதா?
- ஆயில் பிரஷர், லீன், சூடு ஆகிய மூன்றுக்கும் பாதுகாப்பு இருக்கிறதா?
- அதில் வேலை தெரிந்த ட்யூனர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறாரா?

முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால், அந்தக் காருக்கு இப்போதைக்கு புது இசியு தேவையில்லை. கடைசிக் கேள்விக்கு பதில் இல்லையென்றால், வாங்கிய பெட்டி அலமாரியில்தான் இருக்கும். ஏழுக்கும் பதில் இருந்தால், பிராண்ட் எது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.